சிந்துஜாவிடம் இருக்கிற மாதிரி ஒரு கார்டு

நான் நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேனே மேடம். உட்கார்ந்தால் இந்தப் பிள்ளை மடியில் ஏறிக்கொண்டு மேசைமேல் இருப்பதையெல்லாம் இழுப்பாள். சரி, நீங்கள் சொல்வதால் உட்காருகிறேன். எனக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லையே? இல்லை. அப்போது சரி. ஆள் நின்றால் எனக்கு நாக்கு எழாது.

எனக்கு உங்கள் பேங்கில் ஒரு கார்டு வேண்டும். தேய்த்தால் பாயிண்ட் வருகிற கிரெடிட் கார்டு.

நீங்கள் கொடுத்த தாளைப் படித்தேன். எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் தமிழில் போட்டிருந்தால் எழுத்துக்கூட்டாமலே படித்துவிடுவேன். நாலு கார்டு படம் இருக்கிறது. வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவருக்கு ஒன்று, ஆன்லைனில் வாங்குகிறவருக்கு ஒன்று, விமானத்தில் போகிறவருக்கு ஒன்று, மளிகை, கரண்ட் பில் கட்டுகிறவருக்கு ஒன்று. உங்கள் செலவுப் பழக்கம் எப்படி, அதற்குத் தகுந்ததை எடுக்கலாம் என்றீர்கள். எனக்கு என்ன பழக்கம் இருக்கிறது மேடம். எங்கள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சாயங்காலம் வந்து பாக்கெட்டில் இருப்பதை எடுத்து டிவி பக்கத்தில் வைப்பார். அதிலிருந்து நான் பாலுக்கு எடுப்பேன், காய்க்கு எடுப்பேன். போனில் ஸ்கேன் பண்ணிப் பணம் போடுவதுகூட அவர்தான். எனக்குப் பயம், ஒரு சைபர் கூடப் போட்டுவிடுவேனோ என்று.

அதனால் பழக்கத்தை விடுங்கள். இந்த மாதிரிக் கார்டு வேண்டும். இருங்கள், போனில் படம் வைத்திருக்கிறேன். இதோ.

ஐயோ, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்தவர் கார்டைப் படம் எடுக்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். அவள் குளிக்கப் போயிருந்தாள், கைப்பை சோபாவில் திறந்து கிடந்தது. எண் இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் எடுத்தேன். பாருங்கள், என் நகம் தெரிகிறது. எனக்கு எண் எதற்கு. என்ன கார்டு என்று தெரிந்தால் போதும். அழித்துவிடவா? நீங்கள் ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அழித்துவிடுகிறேன்.

யாருடையது என்றால், என் ஓரகத்தியுடையது. எங்கள் வீட்டுக்காரருடைய அண்ணன் சம்சாரம். சிந்துஜா. மாடியில் அவர்கள், கீழே நாங்கள், அத்தை, என் மாமியார், எங்களோடு. சிந்துஜா பெருந்துறையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். எம்.காம். கல்யாணமாகி ஏழு வருஷம். நான் அந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம். இவளுக்கு மூன்று முடியப்போகிறது. தாரிகா, மேடத்துக்கு வணக்கம் சொல்லு சாமி. சொல்லமாட்டாள். என்னை மாதிரி.

சிந்துஜாவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல வரவில்லை. குரல் ஏறாது. முகம் சுளிக்கமாட்டாள். அதுதான், ஒரு குறை இருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் அந்தக் கார்டுதான். இவளுக்கு ஒரு ஷூ வாங்கி வந்தாள், நடந்தால் குதிகாலில் விளக்கு எரியும். எதற்குங்கக்கா இவ்வளவு செலவு என்றால், செலவெல்லாம் இல்ல, பாயிண்ட்ல வந்துச்சு என்பாள். மழைக்கோட்டு ஒன்று வந்தது, வாத்துப் படம் போட்டது. பாயிண்ட். படுக்கையில் விரிக்கிற ரப்பர் ஷீட், அதுவும் பாயிண்ட். இந்தப் பிள்ளை அந்த ஷூவை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கும். பெரியம்மாவை 'பெம்மா' என்று கூப்பிடும். காலையில் கண் முழித்ததும் அம்மா என்று வராது மேடம், பெம்மா எங்க என்றுதான் வரும். பெற்றவளுக்கு எப்படி இருக்கும். அவளுக்கு ஷூ கொடுக்கக் கார்டு இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது.

போன வருஷம் இவளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணு குறைந்துவிட்டது என்றார்கள். முன்பணம் கட்டுங்கள் என்றபோது இவர் ஈரோட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். சிந்துஜா கம்பெனியிலிருந்து நேராக வந்தாள், செருப்பைக்கூட ஒழுங்காகப் போடவில்லை, கவுண்டரில் கார்டைத் தேய்த்தாள். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன நினைத்தேன் தெரியுமா? என் பிள்ளை காய்ச்சலுக்கும் சிந்துஜாவுக்குப் பாயிண்ட் விழும் என்று நினைத்தேன். பிற்பாடு இவர் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் பாதிதான் வாங்கினாள். மீதி பாயிண்டிலேயே கழிந்துவிட்டது என்றாளாம். பார்த்தீர்களா, நான் நினைத்தது சரியாகத்தானே போயிற்று.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சீரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் நாத்தனார் கலாராணியை அந்தியூரில் கொடுத்திருக்கிறது. அவள் மூத்த பையனுக்கு வைகாசியில் காதுகுத்து. தாய்மாமன் சீர் வைக்க வேண்டும் இல்லையா. மாமன் இரண்டு பேர், ஆளுக்குப் பாதி என்று பேச்சு. சங்கிலியும் மோதிரமும் எடுத்தோம். எங்கள் பாதியை நோட்டாக சிந்துஜா கையில் கொடுத்தார் இவர். அவள் நகைக்கடையில் மொத்தத்தையும் அவள் கார்டில் தேய்த்தாள். எங்கள் வீட்டில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது மேடம், பணத்தை அவளிடம் கொடுப்பது, அவள் தேய்ப்பது. யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

எங்கள் பக்கம் சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இருபத்தொரு தட்டு என்று அத்தை முடிவு பண்ணினார். அதில் ஒரு தட்டு என்னுடையது. அதிரசம். பாகு முறிந்துவிடும் என்று யாரையும் அடுப்புப் பக்கம் விடாமல் நானே இரண்டு நாள் நின்று சுட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான். நூற்றியொன்று சுட்டு, கோபுரமாக அடுக்கி, நடுவில் ஒரு ரோஜா வைத்தேன்.

கோயில் வாசலில் மேளக்காரர் வந்துவிட்டார். தட்டை எல்லாம் எண்ணி அடுக்கினபிறகு சிந்துஜா ஒரு பையிலிருந்து இன்னொன்றை எடுக்கிறாள். வெள்ளிக் காமாட்சி விளக்கு. இந்த உயரம் இருக்கும். மச்சாண்டாருக்கே, அவள் வீட்டுக்காரருக்கே, தெரியாது போல. இது எப்பப் புள்ள வாங்குன என்று கேட்டார். அவள் மெதுவாக, நகை எடுத்ததுக்குப் பாயிண்ட் வந்துச்சுங்க, அதுல குடுத்தாங்க என்றாள். அத்தை விளக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனாமாவா? கெட்டிக்காரி கண்ணு நீ. குடும்பம்னா இப்படிப் பண்ணோணும்" என்றார். எல்லோர் முன்னாலும்.

சரி, அதோடு விட்டதா. விளக்குத் தட்டோடு இருபத்திரண்டு ஆகிவிட்டது. இரட்டைப்படை. ஒன்றைக் குறைக்க வேண்டும். அத்தை சுற்றிப் பார்த்தார். "அந்த அதிரசத்த முறுக்குத் தட்டுலயே கொட்டிக்க பூங்கோதை, ரெண்டும் பலகாரந்தான" என்றார்.

நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அந்த மாதிரி நேரத்தில் பேச்சே வராது. சிந்துஜா முந்திக்கொண்டாள். "வேண்டாங்கத்தை, விளக்க நான் பைக்குள்ளயே வச்சுக்கறேன், அவ தட்டே போவட்டும்" என்றாள். வெள்ளியை ஒளித்து வைத்துவிட்டு வெல்லத்தைக் கொண்டுபோவார்களா என்று அத்தை சத்தம் போட்டார். நானே கோபுரத்தைக் கலைத்தேன். முறுக்குத் தட்டில் போட்டபோது ஏழெட்டு அதிரசம் உடைந்தது. ரோஜா எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவள் விட்டுக்கொடுத்த மாதிரியும் ஆயிற்று, அவள் விளக்கு போன மாதிரியும் ஆயிற்று. பேசத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

மஞ்சள் குங்குமத் தட்டை அத்தை என் கையில் கொடுத்தார். அது முதல் தட்டு. பிள்ளை பெற்றவள்தான் முதல் தட்டு எடுக்க வேண்டும், அது வழக்கம். சிந்துஜாவைக் கடைசியில் வரச் சொன்னார். அதில் ஒன்றும் தப்பில்லை மேடம், யாரும் மனசு நோகிற மாதிரிச் சொல்லவில்லை. நீ பின்னால வா கண்ணு என்று நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். ஏழு வருஷமாக எல்லா விசேஷத்திலும் அவள் பின்னால்தான் வருகிறாள், அவளுக்கும் அது பழகிவிட்டது.

ஆனால் அன்றைக்கு என்ன ஆயிற்று? முன்னால் போகிற என்னை யார் பார்த்தார்கள்? இரண்டு பக்கமும் நின்ற சொந்தக்காரர்கள் எல்லாம் கடைசித் தட்டை எட்டிப் பார்க்கிறார்கள். அது ஆரு, மூத்த மருமவளா, வெள்ளி விளக்கா என்று பின்னாலேயே பேச்சு வருகிறது. நான் மஞ்சளையும் குங்குமத்தையும் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன் ஒருதரம். அவள் கண் கலங்கியிருந்தது. அவ்வளவு பெருமை.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பாதிச் சங்கிலி எங்களுடையது. அப்போது பாதிப் பாயிண்ட் யாருடையது? பாதி விளக்கு எங்களுடையதுதானே? இவரை எழுப்பிச் சொன்னேன். விளக்கப் பாதியா வெட்டித் தரச் சொல்லவா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆண்களுக்கு இதெல்லாம் புரியாது.

வருகிற தை மாதம் கலாராணி சின்னவனுக்குக் காதுகுத்து. அதற்குள் எனக்குக் கார்டு வந்துவிட வேண்டும். இந்தத் தடவை சிந்துஜா அவள் பாதியை நோட்டாக என் கையில் கொடுக்கட்டும். நான் தேய்க்கிறேன். பாயிண்ட் எனக்கு விழட்டும். கடைசி நேரத்தில் பையிலிருந்து நான் ஒன்று எடுக்கிறேன். விளக்குக் கொடுத்தால் விளக்கு, சந்தனம் வைக்கிற வெள்ளிக் கிண்ணம், சந்தனப் பேலா கொடுத்தால் பேலா. யார் தட்டைக் கொட்ட வேண்டும் என்று அப்போது பார்க்கலாம்.

சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு டெபாசிட்டை ஈடாக வைத்துத்தான் கார்டு தருவீர்கள் என்று போர்டில் போட்டிருந்தது. அதனால்தான் இதைக் கொண்டுவந்தேன். இதோ டெபாசிட் ரசீது. என் பெயரில்தான் இருக்கிறது. இவள் காதுகுத்துக்கு என் அண்ணன் வைத்த சீர்ப் பணம். அவன் கறிக்கடையில் கூலிக்கு நிற்கிறவன் மேடம். பவுனாகப் போட முடியவில்லை, பணமாக வைத்தான், பிள்ளை படிப்புக்கு ஆகட்டும், எது வந்தாலும் இதைத் தொடாதே அம்மிணி என்று சொன்னான். நான் தொடவில்லையே. இங்கேயேதானே இருக்கப் போகிறது. கட்டத் தவறினால்தானே எடுத்துக்கொள்வீர்கள்? தவறமாட்டேன். லோடு ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது, அது வேறு விஷயம்.

இதற்கு எவ்வளவு வரைக்கும் தேய்க்கலாம்? அவ்வளவுதானா. அதில் சங்கிலி வராதே. சரி, மோதிரம் மட்டும் நான் தேய்க்கிறேன். மோதிரத்துக்கு எவ்வளவு பாயிண்ட்?

இல்லையா?

கொஞ்சம் திரும்பச் சொல்லுங்கள் மேடம். எனக்குப் புரியவில்லை. இந்தக் கார்டுக்கு, இந்தப் படத்தில் இருக்கிற இதே கார்டுக்கு, நகைக்கடையில் தேய்த்தால் பாயிண்டே கிடையாதா? பெட்ரோலுக்கு மட்டும்தானா? இப்போதுதான் அப்படியா, முன்னாலேயே அப்படியா? வைகாசியில்? அப்போதும் கிடையாதா. ஆஸ்பத்திரிக்கு? நூறு ரூபாய்க்குப் பத்துப் பைசாகூட வராதா?

நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த விளக்கு இவ்வளவு உயரம்.

அப்படியென்றால் அவள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள். கைக்காசைப் போட்டு வெள்ளி விளக்கு வாங்கிவிட்டு, இனாமாக வந்தது என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். காசு போட்டவள் எவளாவது அப்படிச் சொல்வாளா மேடம்? நான் போட்டிருந்தால் மூன்று ஊருக்குச் சொல்லியிருப்பேன்.

அந்த மாதம் எங்கள் வண்டி இஞ்சின் வேலைக்கு நின்றது. எங்கள் பாதியையே இவர் எங்கெங்கோ புரட்டித்தான் கொடுத்தார். அவளுக்கு அது தெரியும். அவள் காசு போட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தை அடுத்து என்னைத்தான் திரும்பிப் பார்த்திருப்பார். பெரியவ இத வச்சா, நீ என்ன வச்ச என்று கேட்டிருப்பார். அத்தை கேட்காமல் விடுகிறவர் இல்லை. இனாம் என்றதால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஷூவும் அப்படித்தானா. ஆஸ்பத்திரிப் பணத்தில் பாதி...

தாரிகா, சும்மா இரு. கீழே இறங்காதே.

பாருங்கள் மேடம், என்ன கெட்டிக்காரத்தனம். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது. காசு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது. அதெல்லாம் போதாதென்று, நல்லவளாக இருப்பதிலும் எனக்கு முன்னால்தான் நிற்க வேண்டுமா? அதுவும் எனக்குத் தெரியாமல். தெரிந்திருந்தால் நானும் ஏதாவது செய்திருப்பேனே. என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஏதாவது.

இல்லை, அழவில்லை. ஃபேன் காற்று.

அவளுடைய கார்டு வேண்டாம். வேறு கொடுங்கள். அவளிடம் இல்லாத ஒன்று. இந்த விமானம் போட்டது எப்படி? எனக்கும் தெரியும், நம்ம ஊர் கோபியில் எங்கே விமானம் இருக்கிறது. எனக்குப் பொருத்தமானது மளிகைக் கார்டுதான் என்று சொல்கிறீர்கள். பருப்புக்கும் சோப்புக்கும் பாயிண்ட் விழுந்து வருஷக் கடைசியில் என்ன வரும்? கரண்ட் பில்லில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானா. அதைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக முடியுமா மேடம்? நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரிக்க வேண்டியதுதான்.

பரவாயில்லை, ஏதோ ஒன்று எழுதுங்கள். பாயிண்ட் வராவிட்டாலும் போகட்டும். கையில் ஒரு கார்டு இருந்தால் போதும். நைட்டி தைத்துச் சேர்த்தது கொஞ்சம் வைத்திருக்கிறேன், அதில் நானே ஒரு சந்தனப் பேலா வாங்கிவிட்டு, பாயிண்டில் வந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் சொல்லலாம், நான் சொல்லக்கூடாதா?

எழுதுங்கள். பெயர் பூங்கோதை. வீட்டுக்காரர் பெயர் லோகநாதன். அவர் எண் அந்த ரசீதின் பின்னால் இருக்கிறது. கையெழுத்து இங்கேயா? இங்கேயும்தானா? இருங்கள், நிதானமாகப் போடுகிறேன், எனக்கு ஒன்றுக்கொன்று மாறிவிடும்.

இது என்ன கட்டம்? என்னைத் தெரிந்த ஒரு ஆள், ஒரே வீட்டில் இல்லாதவர், பெயரும் எண்ணுமா? அண்ணன் எண் போனில் இருக்கிறது, ஆனால் அவனைப் போட முடியாது. நீங்கள் கூப்பிட்டால் ரசீதை ஈடு வைத்தது தெரிந்துவிடும். அவன் ஒன்றும் கேட்கமாட்டான், இங்கே வரவே மாட்டான் பிறகு. பக்கத்து வீட்டுக்காரி பெயரே எனக்குச் சரியாகத் தெரியாது. நான் யாரோடு பேசுகிறேன் போகிறேன்.

மாடி வீடு தனி வீடாகுமா? தனி ரேஷன் கார்டுதான். ஆகுமா.

தொண்ணூற்றெட்டு நாற்பத்தி... எண் எனக்குப் பார்க்காமலே தெரியும். இவருடைய எண்கூட அப்படி வராது. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் முதலில் அடிப்பது அந்த எண்ணைத்தானே.

இருங்கள், எழுதிவிடாதீர்கள். கூப்பிட்டு என்ன கேட்பீர்கள்? இவரைத் தெரியுமா, நம்பிக் கொடுக்கலாமா என்றா?

அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் மேடம். வேலையை விட்டு எழுந்து வெளியே வந்து பேசுவாள். "எங்க பூங்கோதைங்களா, அவ ஒரு வாய் சோறு கடனா வாங்க மாட்டாளுங்க, கண்ண மூடிட்டுக் குடுங்க" என்பாள். மனசாரச் சொல்வாள். அப்புறம் வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாத மாதிரியே இருப்பாள், நானாகச் சொல்லட்டும் என்று. தையில் நான் பையிலிருந்து பேலாவை எடுக்கிறபோது, அது எதில் வந்தது என்று அந்தச் சபையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே, நல்லாருக்கு என்பாள்.

அவள் வாயால் நல்லவள் என்று சொல்லி எனக்கு ஒரு கார்டு வர வேண்டுமா?

அந்த ரசீதைக் கொடுங்கள் மேடம். கையெழுத்துப் போட்ட தாளையும் கொடுத்துவிடுங்கள், கிழித்துவிடுகிறேன். நீங்கள் முதலில் சொன்னது சரிதான், பழக்கத்துக்குத் தகுந்ததைத்தான் எடுக்க வேண்டும். எனக்கு இது ஒத்துவராது.